பினாங்கிலே பசியாறினோம்

ஊர் பார்க்கப் புறப்படுவோர் பலவகையினர். கோயில்களைத் தரிசிக்கச் செல்வோர் சிலர். கோட்டை கொத்தளங்களைக் கண்டு வியக்கச் செல்வோர் சிலர். கடை கடையாக ஏறியிறங்கிப் பொருள் வாங்கச் செல்வோர் பலர். ஓர் ஊரின் மக்களை அறிய விரும்புவோர் அவர்கள் உண்ணும் இடத்திற்குச் சென்று ஓரமாக அமர்ந்திருத்தல் வேண்டும் என்பது எமது நெடுநாட் கருத்து. ஆசிரியத் தொழிலில் உள்ளோரின் பணப்பையும் இக்கருத்தையே ஆதரிப்பதுண்டு!

2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில், எம்மோடு கற்பிக்கும் விஞ்ஞான ஆசிரியரான நண்பரொருவருடன் மலேசியாவின் பினாங்குத் தீவுக்குச் சென்று ஐந்து நாட்கள் தங்கினோம். கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரம் புகையிரதத்திற் சென்றாற் பட்டர்வேர்த் என்னும் கரையோர நகரம் வரும். அங்கிருந்து கால்மணி நேரக் கடற்பயணம். படகிலிருந்து இறங்கியதும் ஜோர்ஜ் டவுன் நகரம் எதிர்கொள்ளுகிறது. 1786ஆம் ஆண்டிற் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயரால் நிறுவப்பட்ட இத்துறைமுக நகரை, மலாக்கா நகருடன் சேர்த்து, 2008ஆம் ஆண்டில் உலக மரபுரிமைத் தலமாக யுனெஸ்கோ அறிவித்தது. மிகப் பெரிதும் அன்று, மிகச் சிறிதும் அன்று. காலால் நடந்தே பழைய நகர் முழுவதையும் பார்த்து முடிக்கலாம்.

நாம் இந்நகரைத் தேர்ந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. எமது பாட்டனார் மலாயாப் புகையிரதப் பகுதியில் இலிகிதராக இருந்து இளைப்பாறியவர். யாழ்ப்பாணத்தில் இத்தகைய பாட்டனார் ஒருவரேனும் இல்லாத குடும்பங்களைக் காண்பது அரிது. மலாயாவிலிருந்து வந்த இளைப்பாற்றுச் சம்பளம் எத்தனை கல்வீடுகளைக் கட்டியது, எத்தனை பிள்ளைகளைப் படிப்பித்தது என்பதை முதியோர் அறிவர். பாட்டனார் விடுமுறை நாட்களிற் பினாங்கு சென்று உண்ட உணவுகளைப் பற்றிச் சொன்ன கதைகள், எந்தையார் வாயிலாக எம்மை வந்தடைந்தவை.

காலைப் பசியாறல்

முதல் நாட் காலையில் எமது பழைய மாணவர் ஒருவர் விடுதிக்கு வந்தார். பாயான் லெப்பாஸ் கைத்தொழிற் பேட்டையிற் பொறியியலாளராகப் பணிபுரிபவர். அவர் அழைத்துச் சென்ற கடையில், கல்லாவில் இருந்த தமிழ் முஸ்லிம் பெரியவர் எம்மைக் கண்டதும், "பசியாறிட்டீங்களா?" என்று வினவினார். மலேசியத் தமிழர் காலை உணவு உண்பதைப் "பசியாறுதல்" என்றே சொல்லுகின்றனர். எத்துணை அழகிய சொல்! பசி என்பது தணிய வேண்டிய வெம்மை என்பதையும், தணித்தவுடன் உண்டாகும் ஆறுதலையும் ஒருங்கே உணர்த்துகின்றது.

ரொட்டி சானாய் என்பது எமது பரோட்டாவின் உடன்பிறப்பு. மாவை வீசி வீசி விரித்து மடித்துச் சுட்டு, பருப்புக் குழம்புடன் தருகின்றனர். உடன் வருவது தே தாரிக். தாரிக் என்னும் மலாய்ச் சொல்லுக்கு இழுத்தல் என்பது பொருள். ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்குத் தேநீரை உயர இழுத்து ஆற்றுவதால் இப்பெயர். இரண்டு ரொட்டியும் ஒரு தேநீரும் 6 வெள்ளிக்குள் அடங்கின. வெள்ளி என்பது அந்நாட்டு நாணயமாகிய ரிங்கிட்டுக்குத் தமிழர் வழங்கும் பெயர். அவ்வேளை ஒரு வெள்ளி ஏறக்குறைய 70 இலங்கை ரூபா.

அதே கடையில் நண்பர் நாசி கண்டார் உண்டார். நாசி என்பது சோறு. கண்டார் என்பது தோளிற் சுமக்கும் காவுதடி. முற்காலத்திற் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு தடியின் இருபுறமும் சோற்றையும் கறிகளையும் தொங்கவிட்டுச் சுமந்து, துறைமுகத் தொழிலாளருக்கு விற்றனர். தடி மறைந்து போயிற்று. பெயர் நிலைத்து விட்டது. பல குழம்புகளையும் ஒருசேரச் சோற்றின்மேல் ஊற்றுவதை அவர்கள் "பஞ்சிர்" என்கின்றனர். வெள்ளம் என்பது அதன் பொருள். மீன்கறி கேட்ட நண்பர், வெள்ளத்தைக் கண்டதும் சற்றே தயங்கினார். பரிமாறிய இளைஞர் முகத்தைப் பார்த்தே குறிப்பறிந்து, "மாட்டுக் குழம்பு கலக்கல அண்ணே, கவலைப்படாதீங்க" என்றார். அடுத்த மேசையில் ஒரு சீனக் குடும்பமும், அதற்கப்பால் மலாய் மாணவியர் நால்வரும் அதே சோற்றை உண்டு கொண்டிருந்தனர்.

அக்காலையிற் கண்டது அந்நாடு முழுவதற்கும் பொதுவான வழக்கம். பல இனத்தவரும் பகிர்ந்து கொள்ளும் மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ அதே ஆண்டு டிசெம்பரில் மனித குலத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்துக் கொண்டது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் என்பன அதில் இடம்பெற்றவை.

வேற்றூரில் உறவினர்

மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் வீதியையும் அதன் அயலையும் "ஒற்றுமை வீதி" என்று அழைக்கின்றனர். 1818ஆம் ஆண்டின் புனித ஜோர்ஜ் தேவாலயம், சீனரின் கருணைத் தெய்வமாகிய குவான் யின் கோயில், 1833ஆம் ஆண்டு தொட்டு விளங்கும் மகாமாரியம்மன் கோயில், 1801ஆம் ஆண்டில் தொடக்கம் பெற்ற கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஆகிய யாவும் சில நிமிட நடையில் அடங்கி விடுகின்றன. அண்மையிலுள்ள கடைத்தெருவில் வாழையிலைச் சைவச் சாப்பாடு அவ்வேளை 10 வெள்ளியாக இருந்தது. சோற்றை மீண்டும் மீண்டும் கேட்டுப் பெறலாம்.

தெருவோரங்களில் எமக்கு உறவினர் பலர் எதிர்ப்பட்டனர். "அப்போம்" என்று ஒருவர் அழைத்து விற்றது எமது அப்பமே. "புத்து மாயம்" என்னும் பெயரில் தட்டில் இருந்தது இடியப்பமே. சொதியும் சம்பலும் இன்றித் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தூவித் தருகின்றனர். மதிய வெயிலில் 4 வெள்ளிக்கு உண்ட செண்டோல் என்னும் பனிக்கட்டிப் பதார்த்தத்திற் பச்சை நிறமாக நெளிந்த மாவிழைகளுக்கு மணமூட்டுவது, எமது கறிகளில் இடும் அதே ரம்பை இலை. அதன்மேல் ஊற்றும் தென்னஞ்சர்க்கரைப் பாகைச் சுவைத்த நண்பர், "பனங்கட்டியை விட்டால் இன்னும் திறமாயிருக்கும்" என்றார். யாழ்ப்பாணத்தவர் எங்கே சென்றாலும் யாழ்ப்பாணத்தவரே!

கிழவியார் காட்டிய கடை

இரண்டாம் நாள் இரவு சீனரின் கோப்பிக்கடை ஒன்றுக்குச் சென்றோம். "கோப்பித்தியாம்" என்பது அதன் பெயர். தியாம் என்பது ஹொக்கியன் மொழியிற் கடை. இங்குள்ள ஏற்பாடு கவனிக்கத்தக்கது. கட்டடத்துக்கு உரியவர் பானங்களை மட்டும் விற்கின்றார். சமையல் செய்வோர் பலர் அவரிடம் சிறு சிறு இடங்களை வாடகைக்குப் பெற்றுத் தனித்தனித் தள்ளுவண்டி வைத்திருக்கின்றனர். ஒவ்வொருவரும் செய்வது ஓரிரண்டு உணவே. ஆனால் அதையே பல்லாண்டுகளாகச் செய்து கைதேர்ந்தவர்கள். மேசை, நாற்காலி, மின்விசிறி யாவும் பொது. மேசையின் இலக்கத்தைச் சொன்னாற் போதும். உணவு தேடி வரும். வந்தவுடன் காசு கொடுத்துவிட வேண்டும். மலிவின் இரகசியம் இதுவே. குறைந்த முதல், குறைந்த வாடகை, வீணாகாத பண்டம். குடும்பத்தைப் பிரிந்து கடல்கடந்து வந்து உழைத்த தொழிலாளருக்குக் குறைந்த விலையிற் சமைத்த உணவு தேவைப்பட்டமையால் வளர்ந்த முறை இது.

நண்பர் இறாலிட்ட சார் குவே தியாவ் என்னும் அரிசித்தட்டை வறுவலை வரவழைத்தார். நாமோ சைவ உணவினர். நாற்புறமும் இரும்புச் சட்டிகள் சீறிக் கொண்டிருந்தன. அங்கு அமர்வதா, விடுதிக்குத் திரும்பிப் பழம் உண்டு படுப்பதா என்று மனம் ஊசலாடியது. பழைய மாணவர், எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு சீன மூதாட்டியாரிடம் மலாய் மொழியில் விசாரித்தார். அவர் தம் சட்டியைச் சுட்டித் தலையை அசைத்தார். பின்னர் அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். மூன்று கடை தள்ளி எம்மை அழைத்துச் சென்று, பலகையில் இருந்த ஒரு சீன எழுத்தைக் காட்டினார்.

"சேர், இந்த எழுத்து இருந்தால் சைவக்கடை. தன்ரை சட்டியிலை பன்றிக்கொழுப்புப் பட்டிருக்காம், அதிலை உங்களுக்குச் செய்தால் பிழையாம். தானும் மாதத்திலை முதலாம் நாளும் பதினைஞ்சாம் நாளும் சைவமாம்" என்று மாணவர் மொழிபெயர்த்தார்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் அந்நாட்களிற் சீனர் பலர் புலால் உண்பதில்லை என்பதையும், சைவச் சமையலிற் பலர் வெங்காயம் உள்ளியையும் விலக்குவர் என்பதையும் அன்றே அறிந்தோம். கந்தசஷ்டி விரதத்தில் எமது இல்லங்களில் நடப்பதும் இதுவன்றோ? தமக்கு வரக்கூடிய காசை அயற் கடைக்கு அனுப்பிய அம்மூதாட்டியாருக்கு எவ்வாறு நன்றி கூறுவது என்று தெரியாமற் கைகூப்பினோம். அவரும் கைகூப்பினார்.

7 வெள்ளிக்குச் சைவ நூடில்ஸ் வந்தது. எமது மேசையிற் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த சீன முதியவர் ஒருவர், குழந்தையுடன் ஒரு தமிழ்ப் பெண், இறால் உண்ணும் நண்பர், நாம். ஒருவரையொருவர் எவர் என்று வினவியவர் இல்லை. முதியவர் தமது கோப்பிக் கோப்பையைச் சற்றே நகர்த்தி எமது தட்டுக்கு இடம் தந்தார்.

"அது மலாயா"

அவ்வேளை எந்தையார் சொன்ன ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. ஐம்பதுகளின் நடுப்பகுதி, பாட்டனார் இளைப்பாறி ஊர் திரும்பியிருந்தார். சந்தியிலிருந்த தேநீர்க்கடைக்குப் பத்து வயதுப் பையனாகிய எந்தையாரை அழைத்துச் சென்றார். எமது தோட்டத்தில் உழைத்த முதியவரும் உடன் வந்தார். பாட்டனார் வாங்கிலமர்ந்து மூக்குப்பேணியிலே தேநீர் அருந்தினார். முதியவருக்கோ வாசலுக்கு வெளியே ஒரு போத்தலில் ஊற்றிக் கொடுத்தனர். அவர் நிலத்திற் குந்தியிருந்து குடித்தார்.

வீடு திரும்பும் வழியில், "ஐயா, மலாயாவிலை சீனரோடையும் மலாய்க்காரரோடையும் ஒரே மேசையிலை இருந்து குடிச்சனான் எண்டு சொன்னீங்களே?" என்று எந்தையார் கேட்டாராம். பாட்டனார் சிறிது தூரம் பேசாமல் நடந்தபின், "அது மலாயா தம்பி, இது ஊர்" என்றாராம். எந்தையார் இதை எமக்குச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் தாழ்ந்துவிடும்.

பினாங்கிலும் விலக்குகள் உண்டு. பன்றி இறைச்சி சமைக்கும் இடத்தில் முஸ்லிம்கள் உண்பதில்லை. மாட்டிறைச்சியை இந்துக்களும் சீனருட் பலரும் தவிர்க்கின்றனர். ஆயினும் அவ்விலக்குகள் உணவைப் பற்றியவை. அருகில் இருப்பவரின் பிறப்பைப் பற்றியவை அல்ல. எதை உண்பது என்பதற்கு வரம்பு வைத்துக் கொள்வது ஒருவர் தமக்குத் தாமே விதிக்கும் ஒழுக்கம். எவரோடு உண்பது என்பதற்கு வரம்பு வைப்பதோ பிறருக்குச் செய்யும் தீங்கு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்கியதே எம்முன்னோர் செய்த பிழை.

அந்நகருக்கும் கவலைகள் உள. நெடுங்காலம் நிலவிய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, அந்நீக்கம் 2000ஆம் ஆண்டில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின் வாடகைகள் உயர்ந்தன. பழைய குடிகள் பலர் நகரை விட்டகன்றனர். உள்ளூர்ச் சுவை கெடாதிருக்க வேண்டுமென்று, தெருவோரக் கடைகளில் வெளிநாட்டவர் சமைப்பதை மாநில அரசு 2016 தொடக்கம் தடைசெய்தது. ஆனாற் சட்டியைப் பிடிக்கப் பிள்ளைகள் முன்வர வேண்டுமே! மூதாட்டியாரின் மகன் சிங்கப்பூரிற் கணக்காளர் என்று கேள்விப்பட்டோம்.

நாம் சென்றது சீனரின் ஏழாம் மாதம். அம்மாதத்தில் முன்னோரின் ஆவிகள் பசியோடு வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. வீதியோரங்களிற் சோறும் பழமும் படைத்து ஊதுபத்தி ஏற்றியிருந்தனர். அதற்கு இரண்டு கிழமை முன்னரே எந்தையாருக்கும் பாட்டனாருக்கும் ஆடி அமாவாசைக் கடன் செலுத்திவிட்டு வந்திருந்த எமக்கு, அப்படையல்கள் அந்நியமாகத் தோன்றவில்லை. புறப்படும் நாட் காலை, பாட்டனார் சொன்ன கதைகளை எண்ணிப் பாலில்லாத கறுப்புக் கோப்பி ஒன்றை வரவழைத்து, முன்பின் அறியாத ஒருவரின் எதிரே அமர்ந்து அருந்தினோம்.

எமது நாட்டில் உணவுச்சாலைகளிற் பிறப்பின் காரணமாக எவரையும் தடுப்பது 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தாற் குற்றமாக்கப்பட்டது. சட்டம் வந்தபின்னும் தேநீர்க்கடைக் கதவுகளைத் திறப்பதற்குப் பலர் போராட வேண்டியிருந்தது. இன்று கதவுகள் திறந்துள்ளன, போத்தல்கள் மறைந்துவிட்டன. ஆயினும் எதிரே வந்து அமர்பவரிடம், "தம்பி எந்த ஊர்? எந்தப் பக்கம்?" என்று நயமாக விசாரிக்கும் குரல் முற்றாக ஓய்ந்து விட்டதென்று மனமறியக் கூற முடியுமா?

ஊர் திரும்பிய பின்னர் ஒரு சனிக்கிழமை, எமது வகுப்பு மாணவர் பன்னிருவரை நகரிலுள்ள சைவக்கடை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். கூட்டம் நிறைந்திருந்தது. சந்தையிற் சுமை இறக்கிவிட்டு வந்த பெரியவர் ஒருவர் இடமின்றி நின்றார். நாம் சொல்லுமுன்னரே ஒரு மாணவன் சற்று நகர்ந்து, "இதிலை இருங்கோ ஐயா" என்றான். அவரும் அமர்ந்தார். இருவருக்கும் தோசை வந்தது.

பாட்டனாருக்கு எந்தையார் சொல்ல விரும்பிய மறுமொழி இதுவாகத்தான் இருந்திருக்கும்.