பிள்ளை பிடிக்கிறவன்

காலையில் வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில். பொழுது சாயும் வேளையில் பாகூர் ஏரிக்கரை. பையில் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் ஒரு தொகுதி. வேலை தருவதாக ஆசை காட்டி அழைத்துப்போய், மொட்டையடித்து, காலில் விலங்கிட்டு, அடிமைகளாக ஆட்களை விற்ற கதையை 1743ஆம் ஆண்டுக் குறிப்பில் பிள்ளை எழுதியிருக்கிறார். வாங்கியவர் பிரெஞ்சுக்காரர்; பிடித்துக் கொடுத்தவர்கள் நம்மவர்கள். புதுச்சேரியிலிருந்து அடிமைகளாகக் கப்பலேறியவர்கள் மொரிசியசுக்கும் ரீயூனியனுக்கும் போனார்கள். பிரெஞ்சு அரசு அடிமை முறையை முற்றாக ஒழித்தது 1848இல்தான்.

கரையில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த மூதாட்டி, “இருட்டப் போவுது தம்பி, புளியமரத்தாண்ட நிக்காத” என்றார்.

“பேய் இருக்கா ஆயா?”

“பேய் பயமுறுத்தும், வுட்டுடும். புள்ள புடிக்கிறவன் கொண்டுபோயிடுவான்.”

என் பாட்டியும் இதைச் சொல்லித்தான் சோறூட்டினாள். சாக்குப்பையோடு வருவானாம், அவனோடு போனவர்கள் திரும்பியதில்லையாம். முகமற்ற பூச்சாண்டி என்றே இத்தனை காலம் எண்ணியிருந்தேன். நாட்குறிப்பிலோ அவனுக்குப் பெயர் இருக்கிறது, கூட்டாளிகள் இருக்கிறார்கள், கைக்கு வரும் காசும் இருக்கிறது. இவனும் அவனும் ஒருவனே என்று நிறுவ என்னிடம் சான்றில்லை. ஆனால் அந்தக் கரையில் நின்றபோது எனக்கு ஐயமும் எழவில்லை.

ஆயா சுள்ளிக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு முன்னே நடந்தார். நானும் புளியமரத்தைச் சுற்றிக்கொண்டு, சற்று வேகமாகவே, அவர் பின்னால் போனேன்.