இரண்டு ஒயர்தானே

படகின் அடித்தண்ணீர்ப் பம்புக்கு ஒயர் கொடுப்பது என்ன பிரமாத வித்தையா, இரண்டு ஒயர்தானே என்று, சென்ற மீன்பிடித் தடைக்காலத்தில் அரசலாற்றுத் துறைமுகத்தில் ஒரு படகுக்காரத் தம்பி, நான் கேட்கவேண்டும் என்பதற்காகவே சற்று உரக்கச் சொன்னார். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும் அந்தப் பருவத்தில் படகுகளுக்கு ஒயரிங் செய்யும் எங்களுக்குத் தலைக்குமேல் வேலை இருக்குமாதலால் நான் வாதாடவில்லை. ஆனால் இவ்வருஷத்தோடு ஓய்வுபெறுவது என்று தீர்மானித்துவிட்டபடியால், அந்த இரண்டு ஒயரைப் பற்றிய என் அபிப்பிராயத்தை இனித் தயங்காமல் சொல்லலாம்.

தண்ணீர் ஏறினால் தானே எழுந்து பம்பை ஓட்டும் ஃப்ளோட் சுவிட்சுக்குப் போகும் கம்பி மெயின் சுவிட்சுக்குப் பின்னாலிருந்து எடுக்கப்படலாகாது. பாட்டரியிலிருந்தே நேராக வரவேண்டும். கடலில் இருக்கும்போது அடித்தண்ணீரைக் கவனிக்க ஆள் உண்டு, இஞ்சின் ஓடுகிறது, போதாக்குறைக்கு வாளியும் இருக்கிறது. ஐப்பசி அடைமழையில் ஆள் அரவமற்ற படகு ஆற்றில் கிடக்க, தளத்து மழைநீர் இடுக்குகளின் வழியே இறங்க, புரொப்பெல்லர் தண்டின் கிளாண்டு பாக்கிங்கும் தன் பங்குக்குச் சொட்டிக்கொண்டிருக்க, மெயினை அணைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுபோய்க் கிளிஞ்சல்மேட்டில் நிம்மதியாக உறங்குகிற உரிமையாளர், பம்பையும் தம் கையாலேயே அணைத்துவிட்டு வந்திருக்கிறார் என்பதை அறியமாட்டார். பாட்டரி இறங்கிவிடும் என்பது அவர்கள் சொல்லும் சமாதானம். சும்மா படுத்திருக்கும் ஃப்ளோட் சுவிட்ச் மின்சாரம் எடுப்பதில்லை. பம்பு ஓடி ஓடிப் பாட்டரி இறங்கினால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றல்லவா தேடவேண்டும்?

நேரே வரும் கம்பியில் எந்நேரமும் மின்சாரம் நிற்பதால் பாட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் அவசியம். வலைநூல் இறக்கையில் சுற்றிப் பம்பு முடங்கினால் கம்பி தணலாகாமல் காப்பது அதுதான். அடிக்கடி போகிறதே என்று ஃபியூஸ் இருந்த இடத்தில் செம்புத் துண்டை முறுக்கிவைக்கும் மகாமேதைகளும் இங்கே உண்டு.

கம்பியின் பருமனிலும் அதே அலட்சியந்தான். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும் பம்பு பாட்டரிக்கு 5 மீட்டர் தூரத்தில் இருந்தால், போகவர 10 மீட்டர். வீட்டுக்குப் போடும் ஒன்றரை ஸ்கொயர் (சதுர மி.மீ.) கம்பியைப் போட்டால் வழியிலேயே சுமார் 1.2 வோல்ட் போய்விடும், 6 ஸ்கொயர் போட்டால் 0.3 வோல்ட்டோடு தப்பலாம். பெட்டியில் அச்சடித்திருக்கும் லிட்டர் கணக்கை நம்பி வாங்கியவர், தண்ணீர் நூலாக வருவதைப் பார்த்துப் பம்புக் கம்பெனியைச் சபிக்கிறார்.

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, என் மேஸ்திரி உயிரைவிட்டது ஜாயிண்டுக்காக. ஈயம் பூசாத செம்பில் உப்புத்தண்ணீர் புகுந்தால், மேலே உறை புத்தம்புதிதாகத் தோன்ற, உள்ளே பச்சையும் கறுப்புமாக முழ நீளத்துக்கு ஏறியிருக்கும். அவர் பழைய கம்பியைச் செம்பு பளிச்சென்று சிரிக்கும்வரை வெட்டிக்கொண்டே போவார். உரிமையாளர் முகம் சுளித்தாலும் நிறுத்தமாட்டார். முறுக்கி டேப் சுற்றினால் கையிலேயே தட்டுவார். பற்றவைத்த ஜாயிண்டு இஞ்சின் அதிர்வில் ஒடியும் என்பதால் லக் வைத்து அழுத்தி, பசையுள்ள சுருக்குக்குழாய் போட்டு, தண்ணீர் எட்டாத உயரத்தில் கட்டச்சொல்வார். "தண்ணிக்குள்ள ஜாயிண்டு போட்டா, அது பம்புக்குப் போட்ட ஜாயிண்டு இல்லடா, கடலுக்குப் போட்டது" என்பார். அது வெறும் அலங்காரப் பேச்சன்று. அடித்தண்ணீரில் கசியும் பாஸிட்டிவ் மின்சாரம் அங்கே நனைந்திருக்கும் உலோகத்தில் ஏறி, கடலுக்குள் இறங்கும் இடத்தில் அதை அரித்துக்கொண்டு போகிறது. வருஷக்கணக்கில் உழைக்கவேண்டிய வெண்கல வால்வு சில வாரங்களில் சிவந்து பொடிந்தால், அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளவென்று மாட்டிய ஜிங்க் போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்களே தவிர, டேப் சுற்றிய அந்த ஜாயிண்டை ஒருவரும் தூக்கிப் பார்ப்பதில்லை.

வேலை முடிந்ததும் மேஸ்திரி வாளி வாளியாக ஆற்றுத் தண்ணீரை உள்ளே ஊற்றச்சொல்லி, மெயினை அணைத்துவிட்டு, ஃப்ளோட் தானே எழுந்து தண்ணீர் வெளியே பாய்ந்து மறுபடி தானே படுக்கும்வரை குந்தியிருப்பார். அதற்கு முன் கூலியைப் பற்றிப் பேசமாட்டார். இப்போது வருகிற பிள்ளைகள் ஃப்ளோட்டை ஒரு விரலால் தூக்கி, உலர்ந்த பம்பு உறுமுவதைக் கேட்டு, "ஓடுதுண்ணே" என்று சொல்லிக் கைபேசியில் பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த படகுக்குத் தாவிவிடுகிறார்கள்.