கார்களுக்குப் போட்ட வட்டத்தில் ஒரு சைக்கிள்!

ஒரு மணி நேரத்தில் சைக்கிளில் எவ்வளவு தூரம் போகலாம்? பள்ளிக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் மிதித்துப் பழகியவர்கள் 15 கிலோமீட்டர் என்பார்கள். அதிகாலையில் ஹெல்மெட்டும் இறுக்கமான உடையுமாகக் கிளம்பும் ஆர்வலர்கள் 30 என்பார்கள். 2002 ஜூலை 27-ம் தேதி, ஜெர்மனியில் லார்ஸ் டாய்டன்பெர்க் என்பவர் ஒரு மணி நேரத்தில் 82.6 கிலோமீட்டர் போனார். மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது, பின்னாலிருந்து தள்ளும் இறக்கமும் கிடையாது. இரண்டு கால்கள் மட்டும்தான்.

அவர் மிதித்த இடம் சைக்கிள் மைதானம் அல்ல. ஓப்பல் கார் நிறுவனம் தன் புதுக் கார்களை அப்போது சோதித்துப் பார்த்துவந்த டூடன்ஹோஃபன் தடம். தொண்ணூறுகளின் இறுதியில் நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய ஓப்பல் ஆஸ்ட்ராவை நினைவிருக்கிறதா? அதே ஓப்பல்தான். கார்க் கம்பெனியின் மதில் சுவருக்குள் சைக்கிளுக்கு என்ன வேலை என்று தெரிந்துகொள்ள, அந்தப் பகுதியில் இரண்டு ஊர்களைப் பார்க்க வேண்டும். இரண்டுமே ஃப்ராங்க்ஃபர்ட்டுக்குப் பக்கத்தில், உள்ளூர் ரயிலில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கின்றன.

சைக்கிள் கட்டிய ஊர்

ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே மைன்ஸ், வீஸ்பாடன் பக்கம் போகும் எஸ்-8 அல்லது எஸ்-9 ரயிலில் ஏறினால், சில நிறுத்தங்களில் ரூஸல்ஸ்ஹைம் வந்துவிடும். மைன் நதிக்கரையில் இருக்கும் தொழிற்சாலை ஊர். ரயில் நிலையத்துக்கு அருகிலேயே ஓப்பல் ஆலையின் பழைய பிரதான வாயில். அதன் முன்னால் ஆடம் ஓப்பலின் சிலை.

இந்த ஆடம் ஓப்பல் தன் வாழ்நாளில் ஒரு கார்கூடச் செய்ததில்லை. 1862-ல் அவர் ஆரம்பித்தது தையல் மெஷின் தொழில். 1886-ல் சைக்கிள் செய்யத் தொடங்கினார். முன்சக்கரம் ஆள் உயரத்துக்கும் பின்சக்கரம் சிறியதாகவும் இருக்குமே, அந்த வகை சைக்கிள்தான் முதலில் வந்தது. அவருக்கு ஐந்து பிள்ளைகள்: கார்ல், வில்ஹெல்ம், ஹைன்ரிக், ஃப்ரிட்ஸ், லுட்விக். ஐவருமே சைக்கிள் பந்தய வீரர்கள். வாரக் கடைசியில் பிள்ளைகள் பந்தயத்தில் ஜெயிப்பார்கள். அந்தப் பெயரைச் சொல்லி வாரம் முழுக்க சைக்கிள் விற்கும். இதைவிட நல்ல விளம்பரம் எந்தக் கம்பெனிக்குக் கிடைக்கும்?

1895-ல் ஆடம் காலமானார். அதன்பின் அவர் மனைவி சோஃபியும் பிள்ளைகளும் 1899-ல் கார் தயாரிப்பில் இறங்கினார்கள். ஆனாலும் சைக்கிளை விட்டுவிடவில்லை. 1920-களில் உலகிலேயே மிகப் பெரிய சைக்கிள் தயாரிப்பாளர் ஓப்பல்தான். 1929-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கைக்கு ஓப்பல் போனது. 1937-ல் சைக்கிள் பிரிவை என்.எஸ்.யு. நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, முழுக்கவே கார்க் கம்பெனி ஆனது. அரை நூற்றாண்டுக் காலம் சோறு போட்ட சைக்கிள், அத்தோடு ரூஸல்ஸ்ஹைம் ஆலையை விட்டு வெளியே போனது.

காட்டுக்குள் ஒரு கான்கிரீட் வளைவு

ரூஸல்ஸ்ஹைமை விட்டுக் கிளம்பும் முன் பார்க்க வேண்டிய இடம் இன்னொன்று உண்டு. ஊருக்கு வெளியே காட்டுக்குள் மறைந்திருக்கும் பழைய ஓப்பல் பந்தயத் தடம். 1920-ல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று ஒன்றரைக் கிலோமீட்டர். வளைவுகள் கிண்ணத்தின் விளிம்பு மாதிரி சாய்வாக எழும்பியிருக்கும். கம்பெனி தன் வண்டிகளைச் சோதிக்கவும், மக்களுக்குப் பந்தயம் நடத்தவும் ஒரே இடத்தைப் பயன்படுத்திக்கொண்ட காலம் அது. பல்லாயிரக்கணக்கானவர்கள் கூடி வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்.

1928-ல் ஆடம் ஓப்பலின் பேரன் ஃப்ரிட்ஸ் ஃபான் ஓப்பல், பின்னால் வெடிமருந்துக் குழாய்களைக் கட்டிய ராக்கெட் காரை முதலில் ஓடவிட்டுப் பார்த்ததும் இதே வட்டத்தில்தான். அதே ஆண்டு மே மாதம், பெர்லினின் ஆவுஸ் தடத்தில் அடுத்த ராக்கெட் காரை அவரே ஓட்டி மணிக்கு 238 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார்.

இன்று அந்தத் தடத்தில் வண்டி எதுவும் ஓடுவதில்லை. கான்கிரீட் விரிசல்களில் மரங்கள் முளைத்துவிட்டன. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம் என்பதால் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். பார்வையாளர்கள் ஏறிப் பார்க்க ஒரு மேடையும் உண்டு. மரங்களுக்கு நடுவே பாசி பிடித்த அந்தச் சாய்வைப் பார்த்தால், பாழடைந்த கோயில் குளத்தின் படிக்கட்டு ஞாபகம் வரும்.

டூடன்ஹோஃபன் வட்டம்

வண்டிகளின் வேகம் கூடக் கூட ஒன்றரைக் கிலோமீட்டர் வட்டம் எதற்கும் போதாமல் போயிற்று. 1966-ல் ஃப்ராங்க்ஃபர்ட்டுக்குத் தென்கிழக்கே, ரோட்காவ் நகரைச் சேர்ந்த டூடன்ஹோஃபன் அருகே ஓப்பல் புதிய சோதனை மையம் அமைத்தது. ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து எஸ்-1 ரயில் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. சுற்றிலும் பைன் மரக்காடு, உள்ளே 4.8 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வட்டச் சாலை. அதைத் தவிர மேடுபள்ளச் சாலை, கல் பதித்த சாலை, ஏற்றம் என்று கார்களைப் படுத்தி எடுக்கப் பல தடங்கள். நம் ஊரில் ஒரகடத்திலும் செய்யாறிலும் இப்படிப்பட்ட சோதனைத் தடங்கள் வந்துவிட்டதால், இதன் வேலை என்ன என்பது நமக்கும் ஓரளவு தெரிந்ததுதான்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அங்கே போய் வேலிக்கு வெளியே நின்றால் மரங்கள்தான் தெரியும். சந்தைக்கு வராத கார்கள் ஓடும் இடம் என்பதால் இப்படிப்பட்ட மையங்களில் காவல் பலமாக இருக்கும். உள்ளே போகிறவர்களின் செல்போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவது இந்தத் தொழிலில் சாதாரண வழக்கம். அந்தக் கதவு ஒரு சைக்கிளுக்காகத் திறந்தது என்பதுதான் விசேஷம்.

சைக்கிள் மைதானம் இருக்க, இங்கே எதற்கு?

ஒரு சிறு கணக்கு. உள்ளரங்க சைக்கிள் மைதானத்தின் ஒரு சுற்று வழக்கமாக 250 மீட்டர். அதன் வளைவுகளின் ஆரம் சுமார் 25 மீட்டர்தான். அங்கே மணிக்கு 82 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், ஓட்டுபவரின் உடல் தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கனக்கும். சில விநாடிக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம் முழுக்க இப்படி அழுத்தினால் ஆளும் தாங்கமாட்டார், டயரும் தாங்காது.

4.8 கிலோமீட்டர் வட்டத்தின் ஆரமோ 760 மீட்டருக்கு மேல். அங்கே பக்கவாட்டில் இழுக்கும் விசை, உடல் எடையில் பதினாலில் ஒரு பங்குதான். திரும்புகிறோம் என்பதே தெரியாது. ஹேண்டில்பாரைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். எதிரே லாரி வராது, நாய் குறுக்கே ஓடாது, சிக்னல் விழாது. கார்களின் அதிர்வை நுணுக்கமாக அளப்பதற்காகப் போட்ட தளம் என்பதால் பள்ளம் கிடையாது. சுற்றியுள்ள காடு காற்றைத் தடுக்கிறது. கார்களுக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்த ஒவ்வொன்றும் சைக்கிளுக்கு அப்படியே பொருந்திவிட்டது.

டாய்டன்பெர்க் ஓட்டியதும் சாதாரண சைக்கிள் அல்ல. ‘ஒயிட் ஹாக்’, அதாவது வெள்ளைப் பருந்து என்று பெயர். மல்லாந்து படுத்தபடி, கால்களை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். ஆளையும் வண்டியையும் சேர்த்து மூடிய மெல்லிய கூடு. வெளியிலிருந்து பார்த்தால் சக்கரம் வைத்த மீன் மாதிரி இருக்கும்.

ஏன் இந்தக் கூடு? வேகமாகப் போகும் சைக்கிளுக்கு முதல் எதிரி காற்று. வேகம் இரண்டு மடங்கானால், காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகிறது. நிமிர்ந்து உட்காரும் மனிதன் காற்றுக்கு ஒரு சுவர். படுத்து, மூடிக்கொண்டால் அந்தச் சுவர் காணாமல் போகிறது. ஆனால் வெளிக்காற்று உள்ளே வராததால், சொந்த உடம்பின் சூட்டிலேயே வேக வேண்டும். கால் ஊன்ற வழியில்லாததால் கிளம்பும்போது யாராவது பிடித்துத் தள்ளிவிட வேண்டும், நிற்கும்போது யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டும்.

டாய்டன்பெர்க் சைக்கிள் குடும்பத்துப் பிள்ளை. சகோதரர் ஸ்வென், சகோதரி ஈனா யோக்கோ இருவருமே தொழில்முறை வீரர்கள். அன்றைய வேகத்துக்குக் கணக்குப் போட்டால், ஒரு சுற்றுக்குச் சுமார் மூன்றரை நிமிடம். மொத்தம் பதினேழு சுற்று. ஒரே காட்டை, ஒரே சாலையை, ஒரு சின்ன ஜன்னல் வழியாகப் பதினேழு முறை பார்த்திருப்பார்.

1934-ல் சாத்திய கதவு

இவ்வளவு செய்தும், சைக்கிள் விளையாட்டின் அதிகாரபூர்வ ‘ஒரு மணி நேர’ சாதனைப் பட்டியலில் இந்த 82.6 கிலோமீட்டருக்கு இடம் இல்லை. அதற்கு ஒரு பழைய வழக்குக் காரணம்.

1933 ஜூலை 7-ம் தேதி, பாரீஸில் ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற வீரர், சார்ல் மோஷே வடிவமைத்த சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டி, அதுவரை இருந்த சாதனையை முறியடித்தார். ஃபோர் முன்னணி வீரர் அல்ல. அவர் ஜெயித்தது வண்டியால்தான் என்று ஒரு கட்சி, சைக்கிள் என்றால் முன்னேறத்தானே வேண்டும் என்று இன்னொரு கட்சி. சர்வதேச சைக்கிள் சங்கம் 1934-ல் தீர்ப்புச் சொன்னது: உட்காரும் நிலைக்கு விதி உண்டு, சாய்வு சைக்கிள் பந்தயத்துக்கு ஆகாது.

அந்த விதி இன்றும் தொடர்கிறது. 2022-ல் இத்தாலியின் ஃபிலிப்போ கன்னா, ஸ்விட்சர்லாந்தின் க்ரென்ஷன் மைதானத்தில் ஓட்டிய 56.792 கிலோமீட்டர்தான் நிமிர்ந்த சைக்கிளின் பெருமைமிக்க சாதனை. சாய்வு சைக்கிள்காரர்கள் அதைவிட 25 கிலோமீட்டர் கூடுதலாக ஓட்டினாலும், தனிச் சங்கம், தனிப் பட்டியல்தான். பரிசுப் பணம் குறைவு, தொலைக்காட்சி இல்லை, மைதானமும் இல்லை. வேலையை முடித்துவிட்டு மாலையில் கொட்டகையில் கூடு செய்யும் இந்தக் கூட்டத்துக்கு, இடம் கொடுத்தவர்களில் கார்க் கம்பெனிகள் முக்கியமானவை.

1990-ல் இங்கிலாந்தின் பேட் கின்ச் 75 கிலோமீட்டரைத் தாண்டியது, ஜெனரல் மோட்டார்ஸ் அமைத்த மில்ப்ரூக் சோதனைத் தடத்தில். கனடாவின் சாம் விட்டிங்ஹாம் 2009-ல் முதன்முறையாக 90 கிலோமீட்டரைக் கடந்தது, அமெரிக்காவின் மிச்சிகனில் ஃபோர்டு நிறுவனத்தின் சோதனைத் தடத்தில். அதே இடத்தில், அதே கோடையில், ஃபிரான்ஸின் பார்பரா புவாத்துவா 84 கிலோமீட்டர் ஓட்டிப் பெண்களுக்கான சாதனை படைத்தார். விட்டிங்ஹாம் கையாலேயே சைக்கிள் சட்டம் கட்டி விற்பவர். அவருடைய ‘வார்னா’ வண்டியை வடிவமைத்த கியோர்கி கியோர்கியேவ், பல்கேரியாவிலிருந்து கனடாவில் குடியேறிய ஒரு சிற்பி!

கார் வந்த பிறகு, உலகெங்கும் சாலையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது சைக்கிள். கார் வேகமாகப் போக வேண்டும் என்பதற்காக அகலமான சாலைகளில் சைக்கிளுக்கே இடமில்லாமல் போன கதை நமக்கும் தெரியும். ஆனால், குறுக்கீடு இல்லாத நல்ல சாலையைக் கொடுத்தால் மனிதக் கால் எவ்வளவு போகும் என்ற கேள்விக்குப் பதில், கார்க்காரர்களின் வேலிக்குள்ளேயே கிடைத்தது. 1937-ல் சைக்கிளை வழியனுப்பிய கம்பெனி, 65 ஆண்டுகள் கழித்துத் தன் வட்டச் சாலையில் ஒரு மணி நேரம் அதற்கு வழிவிட்டது.

நீங்கள் அந்தப் பக்கம் போக நேர்ந்தால், டூடன்ஹோஃபன் வட்டத்துக்குள் நுழைய முடியாது. ஆனால், ரூஸல்ஸ்ஹைம் காட்டுக்குள் இருக்கும் பழைய தடத்தைப் பார்க்க டிக்கெட் எதுவும் தேவையில்லை. ஒரு வாடகை சைக்கிள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதி ரயில்களில் சைக்கிளை ஏற்றிக்கொள்ளத் தனிக் கட்டணம் கிடையாது. ஊரைத் தாண்டினால் காட்டுப் பாதை மட்டமாக இருக்கும். மெதுவாகவே மிதியுங்கள், இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.