பரேல்: திரும்பி வருகிறவர்களின் சாலை

மும்பை பரேல் ஸ்டேஷன் படிகளில் ஏறும்போதே இடது கை கனக்க ஆரம்பித்துவிடும். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆறு மாதத்துக்கொரு முறை பரிசோதனைக்கு வருகிறேன். தேதி நெருங்கினாலே தூக்கம் போய்விடும். முதுகு வலித்தால் எலும்புக்குப் பரவிவிட்டதோ, இருமினால் நுரையீரலோ என்று மனம் ஓடும்.

இது ஒரு காலத்தில் மில் சங்கு ஊதி விடிந்த பகுதி. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்த இடங்களில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள். மாறாதவை மருத்துவமனைகள்தான்: 1926-இல் வந்த கே.இ.எம்., 1941-இல் திறக்கப்பட்ட டாடா நினைவு மருத்துவமனை. பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வரும் குடும்பங்கள் நடைபாதையிலேயே அடுப்பு மூட்டுகின்றன. தாதரில் காட்கே மகராஜ் தர்மசாலையில் இடம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள்.

புதிதாக வந்தவர்களின் கையில் மெல்லிய ஃபைல். எங்களுடையது தடித்தது, தலையில் முடியும் முளைத்திருக்கும். 'குணமாகிவிட்டதே' என்று ஊரே சந்தோஷப்பட்டாயிற்று. இன்னும் வலிக்கிறது என்று வீட்டில் சொல்ல வாய் வருவதில்லை.

போன முறை பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்காளப் பெண்ணுக்கும் எனக்கும் பொதுவான மொழி இல்லை. அவள் தன் அக்குளைத் தொட்டுக் காட்டி, உனக்குமா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள். தலையசைத்தேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அக்குளில் நெறிக்கட்டிகளை எடுக்கும்போது மேல்கையின் உட்புறத்துக்குப் போகும் நரம்பு அறுபடலாம். மரப்பும் எரிச்சலும் ஆண்டுக்கணக்கில் நீடிப்பது அதனால்தான். ஹார்மோன் மாத்திரைகளில் சில மூட்டுகளைப் பிடித்துக்கொள்ளும். இதை டாக்டர் படம் வரைந்து விளக்கிய அன்றுதான் பாதி பயம் விலகியது. பழகிய வலியைக் கண்டு மிரள வேண்டாம்; புதிதாக வந்து, சில வாரங்களாகியும் தணியாமல் கூடிக்கொண்டே போகும் வலியென்றால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் வந்துவிட வேண்டும் என்றார். இரண்டு வலிகளுக்கும் தனித்தனி மருந்தும் உடற்பயிற்சியும் உண்டாம். நான்தான் கேட்காமலே இருந்திருக்கிறேன்.

மீதிப் பாதி பயம் இருக்கிறது. இந்த முறையும் 'ஒன்றுமில்லை' என்று எழுதி அனுப்பினார்கள். வாசலில் ஒரு கட்டிங் சாயா குடித்தேன். ஃபைலில் அடுத்த தேதி. கை இன்னும் வலித்துக்கொண்டுதான் இருந்தது. ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது, தூங்கிவிட்டேன்.