தலைப்பொக்கத்துக்குக் கீழே நான்கு கால்கள்

வில்லிங்டன் தீவில் யானை கிடையாது. கொச்சித் துறைமுகத்துக்காகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காயலைத் தூர்வாரி அள்ளிய மண்ணில் பெரும்பகுதி எழுந்த தீவு அது. சரக்குக் கிடங்குகள், கடற்படைத் தளம், துறைமுக அலுவலகங்கள், நடுவே அகலமான நிழற்சாலைகள். அதன் ஓரத்தில் வாத்துருத்தி என்றொரு காலனி. திண்டுக்கல், தேனி, மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழர்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கும் இடம். ஆண்கள் பெரும்பாலும் கட்டட வேலைக்கும் சுமை வேலைக்கும் போகிறவர்கள். அவர்களில் ஒருவர் மட்டும் யானை வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டுத்தான் அவரைத் தேடிப் போனேன்.

அவருடைய அப்பா தேனியிலிருந்து துறைமுகத்துக்கு மூட்டை தூக்க வந்தவர். மகன் வாத்துருத்தியிலேயே வளர்ந்து, பனையோலை ஏற்றும் வண்டியில் கிளீனராகப் போய், ஓலை இறக்கிய இடத்திலேயே தங்கிவிட்டார். இப்போது வடக்கன் பறவூர்ப் பக்கம் ஒரு தறியில், அதாவது யானை கட்டும் இடத்தில், மூன்றாம் பாகன். கேரளத்தில் ஒரு கொம்பனுக்கு இரண்டு மூன்று பாகன்கள் இருப்பார்கள். முதல் பாகனை ‘ஆசான்’ என்று கூப்பிடுகிறார்கள். மூன்றாமவர் சாணி அள்ளுவது, தண்ணீர் பிடிப்பது, ஓலை சீவுவது, திட்டு வாங்குவது.

“சேராய்க்கு ஏத்துறோம்ணே. வந்து பாருங்க” என்றார்.

தீவிலிருந்து வெண்டுருத்திப் பாலம் ஏறி எறணாகுளம், அங்கிருந்து கோஸ்ரீ பாலங்கள் வழியாக வைப்பின், பிறகு கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு நேராக வடக்கே போனால் சேராய். நாராயண குரு 1912-ல் பிரதிஷ்டை செய்த கௌரீஸ்வரர் கோயில் அங்கே இருக்கிறது. உள்ளே இருப்பவர் நம்ம முருகன்தான். ‘மலையாளப் பழனி’ என்றே பெயர். மகர மாதத் திருவிழாவில் வடக்குப் பக்கத்தார் ஒரு வரிசை, தெற்குப் பக்கத்தார் ஒரு வரிசை என்று யானைகளைக் கொண்டுவருவார்கள். இரண்டு பக்கத்துத் தலைமை யானைகளும் அருகருகே நிற்கும். எந்த யானையின் தலை அதிக உயரத்தில், அதிக நேரம் நிற்கிறதோ அதற்கு வெற்றி; திடம்பை, அதாவது சாமியின் உற்சவ உருவைச் சுமக்கும் மரியாதையும் அதற்கே. இதுதான் தலைப்பொக்கம். சங்ஙனாச்சேரி அருகே இத்தித்தானத்திலும் இதேபோல் கஜமேளா உண்டு. ஜெயித்த யானையின் அடுத்த பருவத்து வாடகை ஏறும். பெயர்பெற்ற கொம்பனுக்கு ஒரு நாள் வாடகை லட்சங்களில் போகிறது.

உயரத்தை மட்டும் பார்த்தால் தெச்சிக்கோட்டுக்காவு ராமச்சந்திரன் என்ற யானையை மிஞ்ச ஆள் குறைவு. தோள் உயரம் சுமார் 3.1 மீட்டர். ஆனால் ரசிகர்கள் இன்றும் உருகுவது மங்கலாங்குன்னு கர்ணனுக்காக. 2021 ஜனவரியில் இறந்துபோன யானை. அவனைவிட உயர்ந்த யானைகள் பக்கத்தில் நின்றாலும், ஆள் தொடாமலேயே தலையைத் தூக்கியபடி நெடுநேரம் நிற்பான் என்பார்கள். அந்த நிலைக்கு மலையாளத்தில் ‘நிலவு’ என்று பெயர். எல்லா யானைக்கும் அது வராது. வராத யானையின் முகவாய்க்குக் கீழே கோலை ஊன்றி, கழுத்தில் அழுத்தி, தலையைத் தூக்கவைப்பதும் நடந்திருக்கிறது. இரண்டையும் நேரில் பார்த்தவருக்கு வித்தியாசம் உடனே தெரியும். தானாகத் தூக்கும் யானையின் காது ஆடிக்கொண்டே இருக்கும். குத்தித் தூக்கவைத்த யானையின் காது நின்றுவிடும்.

சேராய்க்கு ஏற்றுவதற்கு முன் பறவூர்த் தறிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஆசான் யானையின் தலையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குனிந்து உட்கார்ந்திருந்தார். கோலின் நுனியால் ஒரு தட்டு தட்டியதும் யானை முன்காலை மடக்கிக் கொடுத்தது. அதைத் தன் தொடையோடு அணைத்து, ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்து, ஒவ்வொரு நகத்தின் இடுக்கிலும் கட்டைவிரலை விட்டுப் பார்த்தார். விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். அழுகல் இருந்தால் புண் தெரிவதற்கு முன்னால் நாற்றம் தெரியுமாம். நகத்தின் விளிம்பில் தலைமயிர் கனத்துக்கு ஒரு வெடிப்பு. அதை அரத்தால் மெல்ல ராவி, வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து அப்பினார். நான்கு கால்களையும் முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அதுவரை யாரும் என்னோடு பேசவில்லை.

“தலைய அது தூக்கிக்கும்ணே. கால் வலிச்சா தூக்காது” என்றார் நம்மவர், பிறகு.

இது வெறும் தொழில் நம்பிக்கை இல்லை. முன்னங்கால்களில் ஐந்தைந்து, பின்னங்கால்களில் நான்கு நான்கு என்று பெரும்பாலான யானைகளுக்குப் பதினெட்டு நகங்கள். இருபது இருந்தால் விசேஷம், பதினாறு என்றால் வாங்க யோசிப்பார்கள். யானைக்கு வியர்வைச் சுரப்பி இருப்பதே அந்த நகங்களின் ஓரத்தில்தான். காட்டில் சேற்றிலும் மணலிலும் கல்லிலும் மாறி மாறி நடந்து தேயவேண்டிய பாதம், தறியில் தன் சிறுநீர் ஊறிய ஒரே இடத்தில் சங்கிலியோடு நிற்கிறது. பிறகு தார்ச்சாலையில் சுடுகிறது. நாட்டு யானைகளை அதிகம் வாட்டுவது பாத நோய் என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பாதம் நோகும் யானை கீழே படுத்தால் எழுவது கடினம் என்று படுக்காமலே நிற்கும். அதனால்தான் விடிந்ததும் ஆசான் முதலில் பார்ப்பது விலாவில் மண் ஒட்டியிருக்கிறதா என்று. மண் இருந்தால் இரவு படுத்திருக்கிறது. அடுத்து பிண்டத்தை, அதாவது சாணி உருண்டையை, உடைத்துப் பார்க்கிறார். நார் நீளமாக வந்தால் கடைவாய்ப் பல் சரியில்லை. பிண்டமே வராவிட்டால் எரண்டக்கெட்டு, அதாவது குடலடைப்பு. எத்தனையோ பேர்பெற்ற கொம்பன்களைக் கொண்டுபோன நோய் அது.

உயரமும் காலில்தான் இருக்கிறது. இதை அவர்கள் காட்டிய விதம் எனக்குப் பிடித்தது. ஒரு கயிற்றை முன்பாதத்தைச் சுற்றி இரண்டு முறை வளைத்து, அந்த நீளத்தைத் தரையிலிருந்து தோள்வரை பிடித்தார்கள். ஏறக்குறைய சரியாக வந்தது. காட்டில் காலடித் தடத்தை மட்டும் பார்த்து யானையின் உயரத்தைச் சொல்லும் பழைய கணக்கு இதுவேதான்.

குளியலைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். சுருக்கமாகச் சொன்னால், யானை ஒரு பக்கமாகப் படுக்கும், தேங்காய் மட்டையைச் சீவி இரண்டு பேர் மூன்று பேர் சேர்ந்து தேய்ப்பார்கள், பிறகு மறுபக்கம். முழுக்குளியல் சில மணி நேரம். மத்தகத்தையும் காது மடலின் பின்புறத்தையும் ஆசானே தேய்க்கிறார். காதிலும் துதிக்கையிலும் உள்ள செம்புள்ளிகள் பளிச்சென்று தெரிய வேண்டும். வால் மயிரை எண்ணிப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். மோதிரத்துக்காகத் திருவிழாக் கூட்டத்தில் அதைப் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். திருமங்கலத்து நீலகண்டனின் ‘மாதங்க லீலை’ சொல்லும் லட்சணங்களை எழுத்தறியாத பாகனும் வாய்ப்பாடாக ஒப்பிக்கிறார். தேன்நிறக் கண், தரையைத் தொட்டுச் சுருளும் துதிக்கை, எழுந்த மத்தகம், முடிச்சில்லாத வால்.

அழகுக்கான அடித்தளம் போடுவது திருவிழாப் பருவத்தில் அல்ல, கர்க்கடக மழையில். நம் ஆடி மாதம். குருவாயூர் தேவஸ்வத்தின் புன்னத்தூர்க் கோட்டையில் அப்போது முப்பது நாள் ‘சுக சிகிச்சை’ நடக்கும். சோறு, பச்சைப்பயறு, கொள்ளு, மஞ்சள், உப்பு, ச்யவனப்ராசம், தாது உப்புக்கலவை எல்லாம் பிசைந்து உருண்டையாகக் கொடுப்பார்கள். தனியார் தறிகளிலும் வசதிக்கேற்பச் செய்கிறார்கள். மற்ற நாளெல்லாம் பனையோலைதான். ஒரு கொம்பனுக்கு நாளொன்றுக்கு 200 கிலோவுக்குக் குறையாத தீவனம். முன்பெல்லாம் திருவிழா இல்லாத மாதங்களில் யானை மரம் இழுத்துச் சம்பாதிக்கும், நடந்து உடம்பும் இறுகும். கிரேன் வந்த பிறகு அந்த வேலை போயிற்று. டிசம்பரிலிருந்து மே வரை ஓட்டமாய் ஓடிச் சம்பாதிப்பதுதான் முழு ஆண்டுச் செலவுக்கும். ஓய்வு தேவைப்படும் யானை லாரியில் ஏறுவது இந்தக் கணக்கால்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தத் தொழிலைப் பற்றிப் பொய் எழுதியதாகும். மதம் பிடித்த கொம்பனை மாதக்கணக்கில் கட்டிப் போட்டிருப்பார்கள். மதம் வடிந்ததும், சங்கிலியை அவிழ்ப்பதற்கு முன், யானை இன்னும் தங்கள் சொல் கேட்கிறதா என்று உறுதி செய்ய அடித்துப் பணியவைப்பார்கள். ‘கெட்டழிக்கல்’ என்று பெயர். புதிய பாகன் பொறுப்பேற்கும்போதும் இது நடக்கும். இந்தத் தறியில் அது உண்டா என்று கேட்டேன். ஆசான் பதில் சொல்லாமல் குழாயை மூடப் போனார். காலை அப்படித் தொடையில் தாங்கிய அதே கைதான். இரண்டையும் சேர்த்துத்தான் இவர்களை மதிப்பிட வேண்டும் என்று நினைக்கிறேன். பாகனைத் துறவியாக்கும் கட்டுரைகளும் கசாப்புக்காரனாக்கும் கட்டுரைகளும் எனக்கு ஒரே அளவு அலுப்பூட்டுகின்றன.

உயிருள்ள விலங்கை அலங்கரித்துப் போட்டிக்கு நிறுத்துவது கேரளத்துக்கு மட்டும் உரியதல்ல. பிரிட்டனில் ‘காப்’ என்றொரு குட்டையான, தடித்த குதிரை வகை உண்டு. பிடரி மயிரை ஒட்ட வழித்து, கால் ரோமத்தைச் சீவி, கண்காட்சி வட்டத்தில் சுற்றவிடுவார்கள். சாதாரண வகுப்புகளில் உயரம் 155 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. அங்கே உயரம் பெருமை இல்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு எவ்வளவு தடிமன், நடையில் நொண்டல் உண்டா என்று பார்ப்பார்கள். சவாரி வகுப்பில் நடுவரே ஏறி ஓட்டிப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வார். இந்தக் குதிரைகளின் வாலை அழகுக்காக எலும்போடு வெட்டும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1949-ல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். வால் வெட்டாத காப் அழகா என்று அப்போதும் கேட்டிருப்பார்கள். அதே 1949-ல் லண்டனில் தொடங்கிய ‘ஹார்ஸ் ஆஃப் தி இயர் ஷோ’ இன்றுவரை நடக்கிறது, முழு வாலோடு காப் குதிரைகள் அதில் ஜெயிக்கின்றன.

இங்கே 2024 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் யானைக்கும் யானைக்கும் நடுவே மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும், தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது என்றெல்லாம் கட்டளையிட்டது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது. தறியில் இதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து. மூன்று மீட்டர் இடைவெளியில் பதினைந்து யானை நிற்க எந்தக் கோயிலில் இடம் இருக்கிறது என்கிறார் ஆசான். இடம் இல்லையென்றால் யானையைக் குறைக்கலாமே என்றேன். “குறையுதுதானே” என்றார். உண்மைதான். 2018 கணக்கெடுப்பில் கேரளத்தில் இருந்த நாட்டு யானைகள் 521. வெளிமாநிலத்திலிருந்து கொண்டுவருவதும் எளிதல்ல. இறப்பதற்கு ஈடாகப் பிறப்பதும் இல்லை. இருக்கும் யானைகள் அதிக விழாக்களை இழுக்கின்றன, அதே கால்களோடு.

சேராயில் அன்று மாலை நெற்றிப்பட்டம் கட்டிய யானைகள் வரிசையில் நின்றன. எனக்குத் திரும்பத் திரும்பக் கண் போனது சங்கிலிக்குக் கீழேதான். ஒரு யானை பின்னங்காலை ஊன்றாமல் நுனியில் வைத்துக்கொண்டே நின்றது. தலை மட்டும் நல்ல உயரம். கூட்டம் அதற்கும் ஆர்ப்பரித்தது.

தலைப்பொக்கத்தை ஒழித்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு அங்கே நின்றபோது மனம் வரவில்லை. நடுவர் பார்வையை இறக்கட்டும் என்பதே என் தீர்ப்பு. போட்டிக்கு முன்னால் ஒவ்வொரு யானையும் மண் தரையில் இருபது அடி நடக்கட்டும், சொன்னதும் நான்கு காலையும் மடக்கி நகம் காட்டட்டும், நொண்டுவது வெளியேறட்டும். தலை உயரத்துக்கு அதன் பிறகு மதிப்பெண் போடலாம். கோல் முகவாயைத் தொட்டால் தோல்வி. அப்படிச் செய்தால் பரிசு வாங்கப்போவது ஆசானைப் போலக் குனிந்து உட்காருகிறவர்களின் யானைதான்.

அடுத்த பூரத்துக்கு நீங்கள் போனால் நெற்றிப்பட்டத்தைப் படம் எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் பாதத்தைப் பாருங்கள். ஒரு யானை காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டே நின்றால், சங்கிலிக்குக் கீழே புண் தெரிந்தால், பாகனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பெரிய விழாக்களில் கால்நடை மருத்துவர்கள் பணியில் இருப்பார்கள். அவர்களிடம் சொல்லுங்கள்.