ஒரு எழுத்துக்குக் காத்திருந்த கதை

படிப்பு பி.காம்., நிரல் எழுதுவது பொழுதுபோக்கு. ஒரு திறந்தமூல மென்பொருளில் தமிழ் எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தப் போனேன். ஒவ்வொரு முறையும் மேக் எல்லாக் கோப்புகளையும் சரிபார்த்து முடிக்கும்வரை காத்திருக்கணும். ஒரு பற்று எழுத, பேரேடு முழுவதையும் புரட்டுவது மாதிரி! அதற்குள் அரட்டைக்குப் போய்த் திரும்பினால், எதைத் திருத்தினேன் என்பதே மறந்திருக்கும். இரண்டு தடவை பாதியிலேயே விட்டுவிட்டேன்.

குரோம் உலாவியை உருவாக்கியவர்களுக்கும் இதே தலைவலிதான். 30,000-க்கும் மேல் கோப்புகள். ஒன்றை மாற்றினால், தொகுக்க ஆரம்பிக்கவே 10 நொடி. அதற்காக இவான் மார்ட்டின் எழுதியதுதான் நிஞ்சா. அதில் ஒரு நொடிகூட ஆகாது. காரணம், நிஞ்சா அதிகம் யோசிக்காது. யோசிக்க வேண்டியதை சிமேக் போன்ற கருவி முன்பே எழுதிக் கொடுத்துவிடும்.

நானும் சிமேக்கிடம் மேக்ஃபைலுக்குப் பதில் நிஞ்சா கோப்பு கேட்டேன். அன்று மாலையே பிழை சரியாகிவிட்டது :-)