கவுண்ட் எனக்கு, ஊசி அவளுக்கு

இன்னிக்கு மொக்கை கிடையாது மக்களே. கொஞ்சம் சீரியஸ் மேட்டர்.

எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். "என்னம்மா, விசேஷம் ஏதும் உண்டா?"ங்கிற கேள்வியை எத்தனை பேர் கேட்டாங்கன்னு தங்கமணிகிட்டதான் கேக்கணும். எங்கிட்ட ஒருத்தர்கூட கேட்டதில்லை. எனக்கு வர்ற ஒரே கேள்வி, "ஆன்சைட் எப்போ?"

திருக்கருகாவூர் கோயில் நெய்யைச் சாப்பிட்டது அவ. செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தது அவ. ஒரு வளைகாப்புல வளையல் போட எழுந்தவளை, "நீ அப்புறமா போடலாம்மா, உக்காரு"ன்னு உக்கார வச்சாங்க. அந்த அப்புறம் வரவேயில்லை.

ஒரு வருஷம் முயற்சி பண்ணியும் கரு தங்கலைன்னா டாக்டரைப் பார்க்கணும், பெண்ணுக்கு 35 வயசு தாண்டியிருந்தா ஆறு மாசத்துலயேன்னு மருத்துவம் சொல்லுது. மூணு மாசம் முன்னாடி போனோம். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டுல அவளுக்கு தைராய்டு, புரோலாக்டின், ஏ.எம்.ஹெச்., ஸ்கேன், கருக்குழாயில அடைப்பு இருக்கான்னு பார்க்க சாயம் செலுத்தி ஒரு எக்ஸ்ரேன்னு வரிசையா இருந்துச்சு. எனக்கு ஒண்ணே ஒண்ணு. விந்துப் பரிசோதனை.

ஊசி கிடையாது, வலி கிடையாது. மூணு நாள் விரதம் (இது வேற விரதம் :-)), ஒரு பிளாஸ்டிக் டப்பா, தாழ்ப்பாள் உள்ள ஒரு ரூம். அவ்ளோதான். கூச்சம் மட்டும் ஃப்ரீ.

அவளோட ரிப்போர்ட் எல்லாமே நார்மல். என்னோடதுல ஒரு மில்லிக்கு 90 லட்சம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல வெளியிட்ட கையேட்டுப்படி கீழ்வரம்பு 1 கோடியே 60 லட்சம். ஒரு ரிப்போர்ட்டை வச்சு முடிவு பண்ணக்கூடாதுன்னு சில வாரம் கழிச்சு மறுபடி எடுத்தாங்க. அதே கதைதான்.

பொட்டி தட்டுறவன் புத்தி, அந்த வரம்பு எங்கேருந்து வந்துச்சுன்னு தேடிப் பார்த்தேன். ஒரு வருஷத்துக்குள்ள மனைவி கருவுற்ற ஆண்கள்கிட்ட எடுத்த அளவு அது. அவங்கள்ல 100-க்கு 5 பேருக்கு இதுக்கும் கம்மியாத்தான் இருந்துச்சாம். ஆக இது ட்ரூ, ஃபால்ஸ் மேட்டர் இல்லை. வாய்ப்பு குறையும், அவ்வளவுதான். விந்தணு உருவாக ரெண்டரை மாசம் போல ஆகும்கிறதால, இன்னிக்கு மாத்துற பழக்கத்துக்குப் பலன் தெரியவே மூணு மாசம் ஆகுமாம். மடியில லேப்டாப் வைக்காதே, சூடு ஆகாதுன்னு முதல் அட்வைஸ். நம்ம பொழப்புக்கே ஆப்பு!

சரி, குறை என்கிட்ட, மருந்து எனக்குத்தானேன்னு நெனைச்சேன். அங்கதான் எனக்குப் பக்குனு இருந்துச்சு. ஐ.யு.ஐ. பண்ணலாம்னாங்க. மாதவிலக்கான ரெண்டாம் நாள்லேருந்து அஞ்சு நாள் மாத்திரை அவளுக்கு. முட்டைப்பை வளர்ச்சியைப் பார்க்க ஒண்ணுவிட்டு ஒருநாள் ஸ்கேன் அவளுக்கு. அது 18 மி.மீ. தாண்டினா முட்டை வெளியாக ஒரு ஊசி, அதுவும் அவளுக்கு. எனக்கு? திரும்பவும் அதே டப்பா.

அன்னிக்கு ராத்திரி ஊருக்குப் போன் போட்டேன். "அம்மா, டெஸ்ட் எடுத்தாச்சு. அவகிட்ட ஒண்ணும் இல்லை, எனக்குத்தான் கவுண்ட் கம்மி. இனிமே யாராச்சும் விசேஷம் கேட்டா என் நம்பரைக் குடுங்க."

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இதையெல்லாம் வெளில சொல்லாதப்பா"ன்னாங்க.

"அவளைப் பத்தி நாலு வருஷமா ஊரே பேசிச்சேம்மா?"

பதில் இல்லை. மறுநாள் தங்கமணிக்கு அம்மா போன் பண்ணி அரைமணி நேரம் பேசினாங்க. என்ன பேசினாங்கன்னு ரெண்டு பேருமே சொல்லலை. போனை வச்சுட்டு அவ கொஞ்சம் அழுதா, அப்புறம் தோசை வார்த்தா. வழக்கத்தை விட ரெண்டு கூடவே சாப்பிட்டா.

வர்ற வாரம் முதல் சைக்கிள் ஆரம்பிக்குது. பலிக்குமா தெரியாது. ஸ்கேன் நாளுக்கெல்லாம் லீவ் போட்டாச்சு, மேனேஜர்கிட்ட காரணத்தையும் சொல்லியாச்சு.

இந்த வரிசையில நிக்குற ரங்கமணிகளுக்கு ஒண்ணே ஒண்ணு. தங்கமணியை எக்ஸ்ரேவுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க அந்த டப்பாவை வாங்கிக்கங்க சாமிகளா. இருக்கிறதுலயே சுலபமான டெஸ்ட் நம்மளோடதுதான்.